‘எனக்கு எதுக்குப்பா?’: அறுபதைக் கடந்தவர்களின் ஆசைப் பட்டியல்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளுக்குக் கல்யாணக் கூட்டம் இரண்டு விதமாக வரும். மணப்பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்க வரும் கூட்டம் ஒன்று. அறுபதாம் கல்யாணத்துக்காகப் பெற்றோருக்குப் புடவை வேட்டி எடுக்க வரும் கூட்டம் இன்னொன்று. முதல் கூட்டத்தில் பெண்ணின் பேச்சுக்குத்தான் மதிப்பு. நிறம் என்ன, கரையான பேட்டு எவ்வளவு அகலம் என்று அவள் சொன்ன பிறகே மற்றவர்கள் வாய் திறப்பார்கள். இரண்டாவது கூட்டத்தில் மகள் ஒன்றைப் பிரிக்கச் சொல்வாள், மருமகள் இன்னொன்றை. வெளிநாட்டில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில் மூன்றாவதைக் காட்டச் சொல்வான். யாருக்காகக் கடைக்கு வந்தார்களோ அந்த அம்மா சொல்வது ஒன்றுதான்: “எனக்கு எதுக்குப்பா இவ்வளவு விலையில?”

இது பணிவா, சலிப்பா, உண்மையான மறுப்பா? பெரும்பாலும் மூன்றும் கலந்ததுதான். ஆனால் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, “சரி, வேறு என்ன வேண்டும்?” என்று கேட்பவர்கள் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளம், கோவா இரண்டுக்கும் அடுத்து இந்திய மாநிலங்களில் இதுவே அதிகம். இத்தனை பேர் வாழும் சமூகத்தில், முதுமையில் ஒருவர் எதைப் பரிசாக விரும்புகிறார் என்பதை விசாரிக்காமலே விட்டிருக்கிறோம். அவர்களுக்கான பரிசைச் சடங்கும் ஊர்ப் பேச்சும்தான் தேர்ந்தெடுக்கின்றன. கேட்டு எழுதினால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். அதில் பெறும் பொருள்களைவிட, கடைசிவரை கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்ற ஆசை முன்னால் நிற்கும். இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

சடங்கு எழுதிய பட்டியல்

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை 60. பிறந்த ஆண்டின் பெயர் மறுபடி வர ஒரு முழுச் சுற்று ஆகவேண்டும். 1964 ஏப்ரலில் தொடங்கிய குரோதி ஆண்டில் பிறந்தவருக்கு 2024 ஏப்ரலில் குரோதி திரும்பி வந்தது. இந்தச் சுற்று முடிவதைத்தான் சஷ்டியப்தபூர்த்தி என்று கொண்டாடுகிறோம். 70-இல் பீமரத சாந்தி, ஆயிரம் பிறை கண்டவருக்கு 80-ஐ ஒட்டி சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலமான திருக்கடையூரில் ஆண்டு முழுவதும் இந்தக் கூட்டம்தான். ஊரோடு செய்துகொள்கிறவர்கள் வீட்டிலோ மண்டபத்திலோ வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கலச நீர் ஊற்ற, தம்பதி புதுப் பட்டு உடுத்தி, அம்மாவின் கழுத்தில் மறுபடி தாலி ஏறும்.

இந்தச் சடங்குகளோடு தானமும் உண்டு. பசு, பூமி, எள், பொன், நெய், துணி, தானியம், வெல்லம், வெள்ளி, உப்பு என்று பத்தும் சேர்ந்தது தச தானம். இன்று பசுவுக்கும் பூமிக்கும் ஈடாகத் தேங்காயோ ரொக்கமோ வைத்து முடித்துவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது, இந்தப் பத்தையும் கொடுப்பவர் பெரியவர். முதுமைக்கென்று மரபு எழுதிவைத்த பட்டியல் கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல். பெறுவதற்கென்று அவருக்கு மிஞ்சுவது புதுத் துணி.

துணிதான் எங்கும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டமும் ஏழைகளுக்குத் துணி, நெசவாளருக்கு வேலை என்ற இரட்டை நோக்கம் கொண்டது. முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கும் அரசு வேட்டி சேலை தருகிறது. குடும்பம் தருவதும் துணி, அரசாங்கம் தருவதும் துணி. அதில் குறையில்லை. கேள்வி, அந்தத் துணி உடுத்தப்படுகிறதா என்பதுதான்.

புடவையின் எடை

காஞ்சிப் பட்டின் பெருமையே அதன் கனம். பாவுக்கும் ஊடைக்கும் முறுக்கேற்றிய பட்டு நூல். உடல் ஒரு நிறம், பேட்டு இன்னொரு நிறம் என்றால் கோர்வை முறையில் நெய்ய வேண்டும். பேட்டுக்கென்று தனி நாடா ஓடும். அதைத் தள்ள நெசவாளரின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். முந்தானையின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவு இழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாக இணைப்பது பேட்னி. இத்தனை உழைப்பில் வரும் கல்யாணப் புடவை முக்கால் கிலோவைத் தொடும். ஜரிகை கூடினால் ஒரு கிலோவையும் தாண்டும்.

இருபத்தைந்து வயதுத் தோள் அதை ஒரு நாள் முழுக்கத் தாங்கும். அறுபத்தைந்து வயதில், கழுத்து எலும்புத் தேய்மானமும் முழங்கால் வலியும் உள்ள பெண்ணுக்கு அது சுமை. கொசுவம் வைத்து இடுப்பில் செருகவே இன்னொருவர் கை வேண்டும். ஆகவே அறுபதாம் கல்யாணப் பட்டு போட்டோ எடுத்து முடிந்ததும் மெல்லிய துணியில் சுற்றி பீரோவுக்குப் போகிறது. மடிப்பிலேயே கிடந்தால் ஜரிகை மடிந்த இடத்தில் பட்டு இற்றுவிடும் என்பதற்காக அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றிவைக்க வேண்டும். பரிசாக வந்தது ஒரு பராமரிப்பு வேலையாகிவிடுகிறது. கடைசியில் பல புடவைகள் பழைய ஜரிகை வாங்குபவரிடம் போய்ச் சேர்கின்றன. அவர் பார்ப்பது மயில்கண், ருத்ராட்ச வேலைப்பாடுகளை அல்ல, வெள்ளி எவ்வளவு தேறும் என்பதைத்தான்.

பட்டே வேண்டாம் என்ற குரலும் இதே ஊரில்தான் எழுந்தது. காஞ்சி காமகோடி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி (1894–1994) பட்டுப்புழுக்களைக் கொன்று எடுக்கும் நூலை உடுத்த வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டவை வேறு. சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துப் பிறருக்குக் கொடுங்கள் என்று சொன்ன பிடி அரிசித் திட்டம் அவற்றில் ஒன்று. பட்டு நெய்து பிழைக்கும் ஊரில் இந்த வேண்டுகோள் எல்லோருக்கும் உவப்பாக இருந்திருக்காது. ஆனால் ஒரு முதியவர் தனக்கு எது வேண்டாம், தன் பொருட்டு எதைச் செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொன்னதற்கு அது ஒரு சான்று.

கேட்டால் மரியாதை குறையுமா?

பரிசைக் கேட்டு வாங்கக் கூடாது என்பது நம் வீடுகளில் ஊறிய எண்ணம். கேட்டால் அது பரிசல்ல, வசூல். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் வெளியிட்ட கொடை பற்றிய புகழ்பெற்ற ஆய்வில், எந்தப் பரிசும் சும்மா வருவதில்லை என்றார். கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்ப வேண்டும் என்று மூன்று கடமைகள் அதில் உண்டு. மொய் நோட்டு வைத்திருக்கும் தமிழருக்கு இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் மொய்யில் திருப்பிச் செய்ய வேண்டிய தொகை கணக்கில் இருக்கிறது. பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்வதில் கணக்கே கிடையாது. அதனால் அங்கே பேச்சும் இல்லாமல் போகிறது.

பேசாததால் வரும் இழப்பை அளக்க முயன்றார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல். 1993-இல் வெளியான கட்டுரையில், பரிசு பெற்றவர்கள் அந்தப் பொருளுக்குத் தரும் மதிப்பு அதன் விலையைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருக்கிறது என்றார். அவர் கேட்டது கல்லூரி மாணவர்களை. அங்கே தாத்தா பாட்டிகள் கொடுப்பவர்கள், இளையவர்கள் பெறுபவர்கள். அந்த எண்களை அப்படியே காஞ்சிக்குப் பொருத்த முடியாது. ஆனால் வயது இடைவெளி கூடக் கூட ஊகம் தவறும் என்ற அவரது கண்டுபிடிப்பு எதிர்த் திசையிலும் யோசிக்க வைக்கிறது.

ஆய்வாளர்கள் பிரான்செஸ்கா ஜீனோவும் பிரான்சிஸ் ஃப்ளினும் 2011-இல் வெளியிட்ட சோதனைகள் இன்னும் நேரடியானவை. கேட்டதையே வாங்கித் தந்தாலும், தானாக யோசித்து வாங்கித் தந்தாலும் பெறுகிறவருக்கு ஒன்றுதான் என்று கொடுப்பவர்கள் நினைத்தார்கள். பெற்றவர்களோ கேட்ட பொருளே வந்தபோது அதிகம் மகிழ்ந்தார்கள். தங்கள் பேச்சைக் காதில் வாங்கினார்கள் என்பதை அதில் கண்டார்கள்.

விவரமாகச் சொல்லிக் கொடுப்பதும் பெறுவதும் நமக்குப் புதிதல்ல. காஞ்சிக் கோயில் சுவர்களிலும் தமிழகமெங்கும் உள்ள நந்தா விளக்குக் கொடைக் கல்வெட்டுகளைப் படித்தால் தெரியும். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள், நாள்தோறும் உழக்கு நெய், ஆடுகளை ஏற்றுக்கொண்டவர் இன்னார், இதைக் கண்காணிப்பவர் இன்னார் என்று எல்லாம் எழுதியிருக்கும். கிழ ஆடுகள் செத்தாலும் குட்டிகள் ஈடுகட்டுவதால் மந்தை குறையாது. அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். தெய்வத்துக்குக் கொடுக்கும்போது அளவும் நோக்கமும் எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர். அம்மாவுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் இந்த மௌனம்?

நெய்தவரின் பட்டியல்

இதே ஊரில், புடவையை வாங்கித் தருபவர்களின் பட்டியலிலிருந்து வேறுபட்டது புடவையை நெய்தவர்களின் பட்டியல். பிரியதர்ஷன் இயக்கி, 55-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வான ‘காஞ்சிவரம்’ அந்த ஆசையைச் சொன்னது. பட்டு நெய்யும் ஒருவர் தன் மகளைப் பட்டுப் புடவையில் மணமேடை ஏற்றத் துடிக்கிறார். அது அவரால் முடிவதில்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்த பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அங்கும் ஆசை பெறுவதில் இல்லை, கொடுப்பதில் இருக்கிறது.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வயதானவர்களின் உடம்பு என்ன கேட்கிறது என்பதைத் தறியே காட்டிவிடும். குழித்தறியில் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிப்பலகையை மாறி மாறி மிதித்து, முதுகு வளைந்து மணிக்கணக்கில் உட்கார வேண்டும். முதலில் கேட்பது இடுப்பும் முழங்காலும். அடுத்தது கண். பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய முனைகளோடு பிணைக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியதும் அருகில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கும் எவருக்கும் இது கடினம்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வொன்று 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. ஒரு பாதிக்கு இலவசமாகப் படிப்புக் கண்ணாடி கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகே கொடுத்தார்கள். கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 விழுக்காடு கூடியது. தேயிலை பறிப்பதற்கே இப்படியென்றால், பட்டு இழை பிணைப்பவருக்கு ஒரு ஜோடி கண்ணாடி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணப் புடவை ஒன்றின் விலையில் ஒரு தெருவுக்கே கண்ணாடி வாங்கலாம்.

பணமும் பட்டியலில் உண்டு. ஆதரவற்ற முதியோருக்கு அரசு தரும் மாத ஓய்வூதியம் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களான நெசவாளர்களுக்குத் தனியாக முதியோர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. தனியாரிடம் கூலிக்கு நெய்து காலத்தைக் கழித்தவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. மாதாமாதம் கைக்கு வரும் தொகை சிறியதானாலும், பேரனுக்கு மிட்டாய் வாங்கப் பிள்ளையிடம் கை நீட்ட வேண்டாம் என்ற நிம்மதி அதில் இருக்கிறது.

நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை

பொருளாக இல்லாத பரிசுக்குக் காஞ்சியைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைக்காது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை 48 நாள் வெளியே எழுந்தருள்வார். 1979-இல் வந்தார். 2019 ஜூலை 1 முதல் மறுபடி வந்தார், ஜூலை முழுவதும் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். அடுத்தது 2059-இல்.

இந்தக் கணக்கை எல்லா வீட்டிலும் போட்டார்கள். 2019-இல் 60 வயதானவர் அடுத்த தரிசனத்துக்கு நூறு வயது வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் “என்னை அத்தி வரதருக்குக் கூட்டிக்கிட்டுப் போ” என்பது அந்த ஆண்டு தமிழகத்து முதியவர்கள் வாய்விட்டுக் கேட்ட பரிசாயிற்று. சக்கர நாற்காலியிலும் பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். ஒரு கோடிப் பேர் வந்ததாகச் செய்திகள் சொல்லின. நெரிசலில் உயிர்ச் சேதமும் நேர்ந்தது. அவ்வளவு சிரமத்துக்கும் பிறகு அதை நினைவுகூரும் முதியவர்கள் சொல்வது பெருமாளைக் கண்ட சில நொடிகளை மட்டுமல்ல. மகன் எத்தனை மணி நேரம் கூடவே நின்றான் என்பதையும்தான்.

உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொன்னதும் இதற்கு அருகில் வருகிறது. எஞ்சிய காலம் குறைவு என்று உணர்கிறவர்கள் புதியவற்றைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டு, மனத்துக்கு நெருக்கமான சிலரோடு இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போகிறது அமித் பட்டாச்சார்ஜியும் கேசி மோகில்னரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. இளையவர்களுக்கு அபூர்வமான அனுபவங்களே கூடுதல் மகிழ்ச்சி தருகின்றன. வயது ஏறியவர்களுக்கு அன்றாட அனுபவங்களும் ஏறக்குறைய அதே அளவு மகிழ்ச்சி தருகின்றன.

ஆகவே 2059 வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே கோயிலில் மூலவரைப் பார்க்க அத்திகிரிக்கு 24 படி ஏற வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு அது மலைதான். ஒரு வார நாளில், கூட்டமில்லாத நேரத்தில், கையைப் பிடித்து அந்த 24 படியையும் ஏற்றி இறக்கி, பிரசாதக் கடையில் குடலை இட்லி வாங்கிக் கொடுத்து, அவசரப்படுத்தாமல் வீட்டுக்குக் கூட்டிவருவது ஒரு முழுப் பரிசு. அதற்குச் செலவாவது விடுப்பு நாள் ஒன்று. அதைத்தான் பிள்ளைகள் கொடுக்கத் தயங்குகிறார்கள். புடவைக்குத் தயங்குவதில்லை.

வாங்க ஆள் இல்லாத கொடை

முதுமையில் வரும் பெரிய வறுமை, கொடுக்க ஒன்றும் இல்லாமல் போவது. அதைவிடப் பெரியது, கொடுப்பதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போவது. மணிமேகலைக் காப்பியம் இதை ஆபுத்திரன் கதையில் காட்டியிருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை வைத்துப் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட அவனை வீழ்த்த இந்திரன் செய்தது விசித்திரமான வேலை. மழை பெய்வித்தான், நாடு செழித்தது, பசித்தவரே இல்லாமல் போயினர். ஏற்பவர் இல்லாத பாத்திரத்தோடு ஆபுத்திரன் அலைந்தான். கடைசியில் மணிபல்லவத் தீவில் அதைப் பொய்கையில் விட்டு உயிர் துறந்தான். பின்னாளில் அதே பாத்திரம் மணிமேகலை கைக்கு வந்து, பஞ்சத்தில் வாடிய காஞ்சி மாநகருக்குச் சோறிட்டது.

பீரோ நிறையப் பட்டுப் புடவை வைத்திருக்கும் பாட்டிகள் பலருக்கு ஆபுத்திரன் நிலைதான். பேத்திக்குத் தர ஆசை. பேத்தி சுடிதார் போடுகிறாள், அல்லது அமெரிக்காவில் இருக்கிறாள். பாட்டியின் ஊறுகாய் பக்குவமும், தாத்தா சொல்லித்தர நினைக்கும் கணக்கும் இப்படியே தங்கிவிடுகின்றன. நெசவாளருக்கோ தறியே தங்கிவிடுகிறது. மகன் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். பேட்னி போடத் தெரிந்த விரல்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

கொடுப்பதிலேயே ஆபத்தும் இருக்கிறது. அன்பில் வீட்டைப் பிள்ளை பேரில் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு இவர்களுக்காக வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது தீர்ப்பாயத்தின் வழியே திரும்பப் பெறலாம். மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆனாலும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பதுதான் பாதுகாப்பு. கொடுப்பதும் கௌரவம், கொடுத்த பிறகும் நிற்க ஓர் இடம் இருப்பதும் கௌரவம்.

என் பட்டியல்

இவ்வளவையும் படித்துத் தொகுத்த பிறகு சொந்தப் பட்டியல் இல்லாமல் முடித்தால் நியாயமில்லை. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தது இது:

1. பட்டு எடுப்பதானால் அரை கிலோவுக்குள் இருக்கட்டும். பேட்டு சிறியது, ஜரிகை குறைவு. நிறத்தை நான் சொல்வேன். எடையைச் சொல்லியே நெய்யச் சொல்லலாம்.

2. ஆண்டுக்கு ஒரு கண் பரிசோதனை. படிப்புக் கண்ணாடி இரண்டு, ஒன்று சமையலறைக்கு, ஒன்று புத்தகத்துக்கு.

3. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி. விழுந்த பிறகு போடுவது வேண்டாம்.

4. மாதம் ஒரு நாள், பெருமாள் கோயிலோ ஏகாம்பரநாதரோ கைலாசநாதரோ. அன்று உங்கள் போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

5. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது “மாத்திரை போட்டாச்சா?” என்று தொடங்காதீர்கள். உங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லுங்கள், தீர்ப்பு நான் சொல்கிறேன்.

6. கணக்குக் கேட்காத கொஞ்சம் பணம். யாருக்கு என்ன கொடுத்தேன் என்று கேட்கக் கூடாது.

7. என் பீரோவைத் திறந்து ஆளுக்கு ஒரு புடவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இருக்கும்போதே கட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள்.

ஏழும் சேர்ந்தாலும் ஒரு கல்யாணப் பட்டின் விலை ஆகாது என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள். உண்மைதான். ஆனால் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இது விலை கூடிய பட்டியல். ஒரு மதியத்தில் கடைக்குப் போய் முடித்துவிட முடியாது, ஆண்டு முழுக்க நடக்க வேண்டியது. எண்பதில் கேட்டால் நான்காவதற்கு முழங்கால் ஒத்துழைக்காது, ஏழாவதற்குப் பட்டே இற்றிருக்கும். அதனால்தான் அறுபதிலேயே கேட்டுவிடுகிறேன். ஏழாவதை இந்த வாரமே தொடங்கிவிடலாம். மற்றவற்றுக்குத் தீபாவளி வரை பொறுப்பேன்.